வீட்டுக் கான்கிரீட்டில் சாம்பலும் நாரும்: முதல் முறை கட்டுகிறவர்களுக்குப் படிப்படியாக

மூன்று வருடம் முன்பு மாட்டுக் கொட்டகைக்குக் கான்கிரீட் தரை போட்டேன். அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்தால் கான்கிரீட் உறுதியாகும், சிமெண்டும் மிச்சம் என்று எங்கோ படித்திருந்தேன். எங்களுக்கு மேட்டூர் பக்கம். பவானியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒரு ஃப்ளை ஆஷ் செங்கல் பட்டறையிலிருந்து டெம்போ நிறையச் சாம்பல் அடித்து வந்து, கடையில் கொடுத்த சிமெண்டோடு கண்ணளவில் கலந்து போட்டாயிற்று. இருபது நாள் கழித்துத் துடைப்பம் போட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. மாடு குளம்பு வைத்த இடமெல்லாம் பள்ளம்.

தப்பு சாம்பலிடம் இல்லை, என்னிடம்தான். வாங்கி வந்தது ஈரச் சாம்பல். கடைக்காரர் கொடுத்த சிமெண்டிலேயே ஏற்கெனவே சாம்பல் இருந்தது. தண்ணீரை யாருமே அளக்கவில்லை. அடுத்த வருடம் வீடு கட்டியபோது அதே மேட்டூர்ச் சாம்பலை வைத்து முறையாகச் செய்தேன். நான் பொறியாளர் இல்லை, ஜமக்காள வியாபாரி. அதனால் ஒவ்வொன்றையும் கேட்டு, அலைந்து, கொஞ்சம் பணமும் விட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நீங்கள் அத்தனை அலைய வேண்டாம்.

1. எதற்காகச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

பணம் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு தனி வீட்டில் அப்படி மிச்சமாகாது. கணக்கைக் கடைசியில் தருகிறேன். கிடைப்பது வேறு. தளத்தில் நீர் இறங்குவது குறையும், கம்பி துருப்பிடிப்பது தள்ளிப்போகும், சிமெண்ட் தயாரிப்பில் வெளியாகும் கரியமிலவாயுவில் உங்கள் பங்கு குறையும். சாதாரண சிமெண்ட் ஒரு டன் தயாரிக்க ஏறக்குறைய 0.8 முதல் 0.9 டன் கரியமிலவாயு வெளியேறுகிறது. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லிலிருந்தே வருவது. எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. சிமெண்டைக் குறைப்பதுதான் வழி.

உள்ளே நடப்பது இதுதான். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது பசையும் உண்டாகிறது, கூடவே சுண்ணாம்பும் உண்டாகிறது. பசைதான் ஜல்லியையும் மணலையும் பிடித்துக்கொள்வது. சுண்ணாம்பு சும்மா கிடக்கும். நீர் இறங்கினால் கரைந்து, தளத்துக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும். சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து அதையும் பசையாக்குகிறது, நுண் துளைகள் அடைபடுகின்றன. ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கும். வாரக்கணக்கில் ஈரம் இருக்க வேண்டும். இனி நான் சொல்லப்போகும் பாதிச் சிக்கல்கள் அந்த மெதுவினால் வருபவை.

2. மூன்று வழியில் உங்களுக்கு எது சரி

முதல் வழிதான் சுலபம். பிபிசி என்று மூட்டையில் அச்சிட்ட சிமெண்டை வாங்கிப் போடுவது. அதில் ஆலையிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் அரைத்துக் கலந்திருக்கும். பிஎஸ்சி என்றால் உருக்காலைக் கசடு, 25 முதல் 70 சதவீதம் வரை. 1000 சதுர அடிக்குள் கட்டுகிறீர்கள், மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பிபிசி வாங்கி, தண்ணீரை அளந்து ஊற்றி, 14 நாள் நனைத்தாலே பாதி ஊரைவிட நல்ல கான்கிரீட் உங்களுடையதாக இருக்கும். பசுமைக் கணக்கிலும் இது நான் போன வழிக்குச் சளைத்ததில்லை. இந்த வழியில் போகிறவர்கள் 3, 4 ஆம் படிகளைத் தாண்டிவிடலாம்.

இரண்டாவது வழி, ஓபிசி 53 சிமெண்ட், அதாவது சாம்பலோ கசடோ கலக்காத சாதா சிமெண்ட் வாங்கி, சாம்பலைத் தனியாக வாங்கிக் கட்டுமிடத்திலேயே எடைபோட்டுக் கலப்பது. நான் செய்தது இது. எவ்வளவு போகிறது என்பது உங்கள் கையில் இருக்கும். அலைச்சலும் உங்களுடையதுதான்.

மூன்றாவது வழி, ரெடிமிக்ஸ் லாரி. சாம்பலோ, ஜிஜிபிஎஸ் என்கிற அரைத்த கசடோ அவர்களிடம் சைலோ என்கிற தனி உயரத் தொட்டியில் இருக்கும், கணினி எடை போடும். லாரி உள்ளே வரும் அளவுக்குத் தெரு இருந்து, ஒரே நாளில் 6 கன மீட்டருக்கு மேல் தேவைப்பட்டால் இதுவே நல்லது. லாரியோடு வரும் டெலிவரி சலானில் ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் பொது விதி. பேட்ச் ஷீட் என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். சிமெண்ட் எத்தனை கிலோ, சாம்பல் எத்தனை கிலோ, தண்ணீர் எத்தனை லிட்டர் என்று அதில் அச்சாகியிருக்கும். தர முடியாது என்றால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

ஒரு பொறி: பிபிசியில் மேற்கொண்டு சாம்பல் சேர்க்கவே கூடாது. உள்ளே எத்தனை சதவீதம் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. மேலே போட்டால் மொத்தம் பாதிக்கு மேல்கூடப் போய்விடலாம். என் கொட்டகை அப்படித்தான் போனது. கடையில் "நல்ல சிமெண்டா கொடுங்க" என்றால் வருவது பெரும்பாலும் பிபிசிதான். மூட்டையைப் பார்த்து, ஓபிசி 53, ஐஎஸ் 269 (ஐஎஸ் என்றால் இந்தியத் தர விதி எண்) என்ற எழுத்துகள் இருந்தால் மட்டும் இறக்குங்கள். எந்த வாரம் தயாரித்தது என்பதும் மூட்டையிலேயே இருக்கும்.

கசடு கலந்த கான்கிரீட்டில் பலகை பிரித்ததும் சில இடங்களில் நீலப் பச்சையாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். காற்றுப்பட்டால் சில நாளில் மறைந்துவிடும்.

3. சாம்பல் வாங்குவது

மின் நிலையத்தில் இரண்டு விதமாகச் சாம்பல் வெளியே வருகிறது. புகைபோக்கிக்கு முன்னால் மின்வடிகட்டியில் பிடித்து, உலர்ந்தபடியே சைலோவில் சேர்ப்பது ஒன்று. தண்ணீரில் கலக்கிக் குளத்துக்கு அனுப்பிப் படியவைப்பது மற்றொன்று. கான்கிரீட்டுக்கு முதலாவது மட்டும்தான். குளத்துச் சாம்பலில் அடிச்சாம்பலும் மணலும் கலந்திருக்கும். பள்ளம் நிரப்பலாம், செங்கல் பட்டறைக்காரர் கொஞ்சம் சேர்ப்பார், தளத்துக்கு ஆகாது.

கேட்டு வாங்க வேண்டிய தாள்: ஐஎஸ் 3812 பகுதி 1 படி சோதித்த சான்றிதழ், அந்த மாதத் தேதியோடு. அதில் மூன்று எண்களைப் பாருங்கள். நுண்மை ஒரு கிலோவுக்கு 320 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எரிப்பிழப்பு, அதாவது எரியாமல் மிஞ்சிய கரி, 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கரி அதிகமானால், குறைந்த தண்ணீரில் கலவை குழைய நீங்கள் ஊற்றும் அட்மிக்சர் என்ற மருந்தை அதுவே குடித்துவிடும்.

தாளை நம்பி மட்டும் இறக்காதீர்கள். ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேயுங்கள். நல்ல சாம்பல் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். நெறநெறத்தால் திருப்பி அனுப்புங்கள். நிறம் வெளிர் சாம்பலாக இருக்க வேண்டும்; அடுப்புக்கரி நிறத்தில் இருந்தால் வேண்டாம்.

மூட்டைக் கணக்கில் பணம் கொடுக்காதீர்கள். பழைய சிமெண்ட் பையில்தான் கட்டிக் கொடுப்பார்கள், நம் மனதில் 50 கிலோ என்று ஓடும். சாம்பல் லேசானது, அதே பையில் 35 கிலோ பிடித்தாலே அதிகம். நான் முதல் லோடில் இப்படித்தான் ஏமாந்தேன். எடைமேடை ரசீது கேளுங்கள். அடுக்கும்போது சிமெண்டைப் போலவே பலகைமேல், தார்ப்பாய் மூடி வையுங்கள். பிரிக்கிறவர்கள் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். துகள் நுரையீரலுக்குள் போகும் அளவுக்குச் சன்னமானது.

அரிசி ஆலைக் கருக்காச் சாம்பல் சும்மாவே கிடைக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். உமிச் சாம்பலிலும் சிலிக்கா நிறைய உண்டு. ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்து, நன்றாக அரைத்ததுதான் வேலை செய்யும். ஆலை வாசலில் கருப்பாகக் குவிந்திருப்பதில் பாதி கரி.

4. மிக்ஸ் டிசைன்: அஸ்திவாரத்துக்கு 45 நாள் முன்பே

இதைத் தவிர்க்கத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு என்று மேஸ்திரிக்கு மனப்பாடமான கலவை சாம்பலுக்குப் பொருந்தாது. உங்கள் ஜல்லி, உங்கள் எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்), உங்கள் சாம்பலை வைத்து ஐஎஸ் 10262 முறைப்படி லேபில் கலவை வகுத்துத் தர வேண்டும். பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையிலும் செய்கிறார்கள், தனியார் லேபும் உண்டு. கொண்டுபோக வேண்டியவை: சிமெண்ட் ஒரு மூட்டை, சாம்பல் ஒரு மூட்டை, எம்-சாண்ட், முக்கால் ஜல்லி, அரை ஜல்லி எல்லாம் அவர்கள் சொல்லும் அளவு, கட்டடப் பொறியாளர் கையெழுத்திட்ட கடிதம். கடிதத்தில் எந்த கிரேடு, எவ்வளவு சாம்பல், பம்ப் உண்டா என்று எழுதியிருக்க வேண்டும். நான் கடிதம் இல்லாமல் போய் ஒரு நாள் வீணாயிற்று.

28 நாள் முடிந்துதான் அறிக்கை வரும். அவசரம் என்றால் 7 நாள் எண்ணை வைத்து இடைக்கால அறிக்கை கொடுப்பார்கள். சாம்பல் கலவையில் அதை நம்பி இறங்கக் கூடாது.

எம்25 கிரேடுக்கு (28 நாளில் சதுர மி.மீ.-க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட்) எங்களுக்கு வந்த தாள், ஒரு கன மீட்டருக்கு: ஓபிசி 270 கிலோ, சாம்பல் 90, தண்ணீர் 162 லிட்டர், எம்-சாண்ட் 760 கிலோ, முக்கால் ஜல்லி 690, அரை ஜல்லி 460. இதை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். என் குவாரி வேறு, உங்கள் குவாரி வேறு. நான் காட்ட வந்தது இதை எப்படி மூட்டைக் கணக்குக்கு மாற்றுவது என்பதை. எல்லாவற்றையும் 5.4 ஆல் வகுத்தால் ஒரு சிமெண்ட் மூட்டைக்கான அளவு வரும்: சிமெண்ட் 50 கிலோ, சாம்பல் 16.7 கிலோ, தண்ணீர் 30 லிட்டர், எம்-சாண்ட் 141 கிலோ, ஜல்லி 128-ம் 85-ம். கூடவே அட்மிக்சர் 400 கிராம். இந்த ஒற்றை வரியைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மிக்சர் மெஷின் பக்கத்தில் கட்டிவிட்டேன். ஐம்பது பக்க அறிக்கையைவிட அந்த அட்டைதான் உதவியது.

அட்மிக்சர் இல்லாமல் 30 லிட்டரில் கலவை குழையாது. குழையவில்லை என்றால் ஆட்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். அதனால் அது செலவு என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்: பிஎச் 6-க்குக் குறையக் கூடாது, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

5. நார்: எது எதற்கு

கடையில் 125 கிராம் பொட்டலமாகக் கிடைக்கும் வெள்ளை நார், 12 மி.மீ. நீளம், பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். ஒரு சிமெண்ட் மூட்டைக்கு ஒரு பொட்டலம். இது செய்வது ஒரே ஒரு வேலை. கான்கிரீட் போட்ட முதல் சில மணி நேரத்தில், மேல் ஈரம் சட்டென்று காயும்போது விழும் மயிரிழை வெடிப்பைத் தடுக்கிறது. கம்பியைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுப் பக்கம் விடாதீர்கள். சாம்பல் கலந்த கலவையில் மேலே கசிந்து வரும் நீர் குறைவு, அதனால் காற்றில் சீக்கிரம் காயும். நார் அங்கேதான் கைகொடுக்கிறது. எங்கள் தளம் ஆடி மாதம் போட்டது. அம்மியே பறக்கும் காற்றில் தளம் வெடிக்காமல் தப்பியதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொட்டலம் என்று நினைக்கிறேன். மீதிக் காரணம் பிளாஸ்டிக் ஷீட், அது 8 ஆம் படியில்.

போடும் முறை: ஜல்லியும் மணலும் உலர்ந்து சுழலும்போது நாரை உதிர்த்துத் தூவி, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகச் சுற்ற விடுங்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு கொத்தாகக் கொட்டினால் பந்து பந்தாக உருளும். நார் சேர்ந்ததும் கலவை இறுகின மாதிரி தெரியும். மறுபடியும் தண்ணீர்க் குழாயைத் தேடுவார்கள். தடுத்துவிடுங்கள்.

இரும்பு நார் கிடங்குத் தரைக்கு, லாரி ஏறும் இடத்துக்கு நல்லது. கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை போகும். வெறுங்காலில் நடக்கும் வீட்டுத் தரைக்கு வேண்டாம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனை குத்தும், துருப்பொட்டு விழும்.

தேங்காய் நார் பற்றிக் கேட்காத ஆளே இல்லை, பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவிந்திருக்கிறதே. கான்கிரீட்டின் உள்ளே காரம் மிக அதிகம், பிஎச் 12-க்கு மேல். இயற்கை நாரை அது வருடக் கணக்கில் அரித்துவிடும். மற்ற நார்களைவிடத் தேங்காய் நார் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். பூச்சுக்கோ தோட்டத்துக் கட்டைகளுக்கோ சோதித்துப் பார்க்கலாம். தலைக்கு மேல் நிற்கும் தளத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் துணுக்குக்கும் இதே பதில்: பசை பிடிக்காது, பலம் குறையும். அதற்குத் தார்ச் சாலை இருக்கிறது.

6. இடித்த வீட்டுக் கழிவு

பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் அந்தக் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாகப் போடலாமா என்று யோசிப்பார்கள். ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பு இதற்கு இடம் தருகிறது. எம்15-க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவும், கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதமும், கம்பிக் கான்கிரீட்டில் எம்25 வரை 20 சதவீதமும். அந்தக் கடைசி 20-ஐ வீட்டுக்காரர் தொட வேண்டாம் என்பது என் கருத்து. உடைத்த ஜல்லியில் ஒட்டியிருக்கும் பழைய கலவை தண்ணீரைக் குடிக்கும், குடிக்கும் அளவு கல்லுக்குக் கல் மாறும், கணக்கு குழம்பிவிடும். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பிசிசி என்கிற கம்பியில்லாக் கான்கிரீட், தரைக்கு அடியில் போடும் படுகை, இரண்டிலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மரத்துண்டு, சுண்ணாம்புப் பூச்சு, ஜிப்சம் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, முதல் நாள் இரவே நனைத்து வையுங்கள்.

7. மேஸ்திரியிடமும் ஒப்பந்தத்திலும்

பேசாமல் விட்டால் தளம் போடும் அன்று சண்டை வரும். எனக்கு வந்தது. "ஏனுங்கண்ணா, இத்தனை வருசமா தண்ணியை அளந்துட்டா வீடு கட்டுனோம்? சாம்பலைப் போட்டா நாளைக்கு நிக்குமாங்க?" என்றார் மேஸ்திரி. அவர் பயம் நியாயம்தான். ஒன்று ஆகிவிட்டால் ஊரில் பேர் கெடுவது அவருக்கு. லேபுக்கு அவரையும் கூட்டிப்போய், பலம் பார்க்க வார்த்த கான்கிரீட் கட்டை உடைவதை நேரில் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். செலவு ஒரு காபியும் பஸ் கட்டணமும்.

ஒப்பந்தத்தில் இந்த நாலு விஷயமும் எழுத்தில் இருக்கட்டும்: கலவை லேப் தாளின்படிதான், தண்ணீர் அளவு வாளியில்தான், சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையும் முட்டும்) பிரிப்பது பொறியாளர் எழுதிக் கொடுத்த பிறகுதான், கூடுதல் நாளுக்கான சென்ட்ரிங் வாடகை யாருடையது. கடைசியை எழுதாமல் விட்டதால் நான் அதைக் கையிலிருந்து கொடுத்தேன். வங்கிக் கடனில் கட்டுகிறவர்கள் தவணைக் கணக்கில் இந்தக் கூடுதல் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தளம் முடிந்த தவணை ஒரு வாரம் தள்ளிப் போகலாம்.

8. போடும் நாளும் அதற்கு முந்தின நாளும்

எங்கள் தளமும் பீமும் சேர்ந்து 14 கன மீட்டர், அதாவது 76 மூட்டை சிமெண்ட். முந்தின நாள் சாயங்காலம் நானும் மகனும் உட்கார்ந்து 76 பைகளில் 16.7 கிலோ சாம்பலை எடைபோட்டுக் கட்டினோம். மூன்று மணி நேரம் ஆனது. ஆனால் மறுநாள் ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஒரு பை சாம்பல், ஒரு பொட்டலம் நார் என்று சித்தாள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை தவறவே இல்லை.

அப்புறம் மணலின் ஈரம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, லேபில் ஒரு பையன் பேச்சுவாக்கில் சொன்னது. காலை ஐந்து மணிக்கு எம்-சாண்ட் குவியலின் நடுவிலிருந்து ஒரு கிலோ எடுத்து, இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பில் வறுத்தேன். ரவை வறுக்கிறீங்களா என்று வீட்டில் சிரித்தார்கள். புகை நின்ற பிறகு எடை போட்டால் 950 கிராம். 50 கிராம் தண்ணீர் போயிருந்தது, சுமார் 5 சதவீதம். மணல் தனக்குள் குடித்துவைத்திருப்பது 2 சதவீதம் என்று லேப் தாளில் இருந்தது. மீதி 3 சதவீதம் கலவைக்கு வந்து சேரும். 141 கிலோவில் அது 4 லிட்டருக்கு மேல். ஆகவே 30 லிட்டருக்குப் பதில் 26 லிட்டர்தான் ஊற்ற வேண்டும், மணலையும் 4 கிலோ கூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் 30-ஐயே ஊற்றியிருந்தால், 0.45 ஆக இருக்க வேண்டிய நீர் விகிதம், அதாவது தண்ணீரைச் சிமெண்டும் சாம்பலும் சேர்ந்த எடையால் வகுத்தது, 0.51 ஆகியிருக்கும். சாம்பலுக்கும் நாருக்கும் செய்த செலவெல்லாம் அந்த 4 லிட்டரிலேயே கரைந்திருக்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மெஷின் பக்கத்தில் குழாயைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட இரண்டு வாளி மட்டும் வைத்தேன். முதல் மூன்று சுற்றுக்கு ஸ்லம்ப் பார்த்தோம். 30 செ.மீ. கூம்பில் கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. எங்களுக்கு 10 செ.மீ. வர வேண்டும் என்று தாளில் இருந்தது; முதல் சுற்று 8 வந்தது. தண்ணீரைத் தொடாமல் அட்மிக்சரைக் கொஞ்சம் கூட்டினோம், சரியாகிவிட்டது. எவ்வளவு வரை கூட்டலாம் என்பதை லேபிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறுக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்கு முடிந்தது. வெயில் ஏறும் முன் முடிப்பதுதான் திட்டம். ஒவ்வொரு பகுதியும் மட்டம் பார்த்ததும் பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக் கல் வைத்தோம். முடிந்த பிறகு மேலே தூளாகச் சிமெண்ட் தூவித் தேய்க்கும் வழக்கம் உண்டு. அதைச் செய்ய விடாதீர்கள், அந்தத் தோல்தான் முதலில் உரியும். ஆட்களுக்கு வழக்கம்போல் பிரியாணி. அதில் மட்டும் அளவு பார்க்கவில்லை.

9. கட்டை எடுப்பது

15 செ.மீ. கன அச்சில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 குத்து. 6 முதல் 15 கன மீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று கட்டை என்பது ஐஎஸ் 456 கணக்கு. சாம்பல் கலவைக்கு 7 நாளுக்கு மூன்று, 56 நாளுக்கு மூன்று கூடுதலாக எடுங்கள். மொத்தம் 12. அச்சுகளை லேபிலேயே வாடகைக்குத் தருவார்கள். முதல் சுற்றிலிருந்தே எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். பாதியை நடுவில் எடுங்கள், அப்போதுதான் ஆட்கள் சோர்ந்த நேரத்துக் கலவையும் தெரியும். கட்டையில் தேதி, இடம் கீறி, மறுநாள் அச்சைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரில் மூழ்க வையுங்கள்.

7 நாளில் கட்டையை உடைத்தபோது எங்களுக்கு வந்த பலம் சராசரி சதுர மி.மீ.-க்கு 16.5 நியூட்டன். எனக்கு வயிற்றைக் கலக்கியது, கொட்டகை ஞாபகம். பொறியாளர் அசையவில்லை. 28 நாளில் 31, 56 நாளில் 37. சாம்பல் மெதுவாக ஏறும் என்று படித்ததை அன்றைக்குத்தான் நம்பினேன். நீங்களும் 7 நாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஆனால் அந்த எண்ணை உங்கள் மிக்ஸ் டிசைன் தாளில் உள்ள 7 நாள் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதைவிட ரொம்பக் கீழே இருந்தால் மட்டும் கவலைப்படலாம்.

10. நனைப்பதும் பிரிப்பதும்

சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பலோ கசடோ கலந்ததற்கு 10 நாள், முடிந்தால் 14 நாள் என்கிறது ஐஎஸ் 456. 14-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பாத்தி களிமண்ணிலோ மெலிந்த கலவையிலோ இருக்கலாம். தூணுக்குச் சாக்கைச் சுற்றி ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். காலையிலும் மாலையிலும் குழாய் பிடித்துவிட்டுப் போவது நனைப்பதே இல்லை, நடு மதியம் காய்ந்துவிடும். கோடையில் எவ்வளவு தண்ணீர் போகும் என்பதை முன்பே யோசித்து, லாரித் தண்ணீருக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள்.

தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்க 4.5 மீட்டர் வரையிலான இடைவெளிக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள் என்று விதியில் இருப்பது சாதா சிமெண்டுக்கு. சாம்பல் கலந்தால் கூட்ட வேண்டும். எங்கள் பொறியாளர் 18 நாள் என்று எழுதிக் கொடுத்தார். பதிமூன்றாம் நாளே சென்ட்ரிங்காரர் வேறு வேலைக்குப் பலகை வேண்டுமென்று வண்டியோடு வந்து நின்றார். எழுதிய தாள் கையில் இருந்ததால் திருப்பி அனுப்ப முடிந்தது.

11. எவ்வளவு ஆனது

நான் கொடுத்த விலைகள் இவை, உங்கள் ஊரில் மாறும். ஓபிசி மூட்டை 400 ரூபாய், சாம்பல் இறக்கிய விலை கிலோ 3 ரூபாய், அட்மிக்சர் கிலோ 70, நார்ப் பொட்டலம் 50. மிக்ஸ் டிசைன் 14,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டை மூன்று உடைக்க 600.

வீடு முழுக்க 45 கன மீட்டர் கான்கிரீட். வெறும் ஓபிசியில் போட்டிருந்தால் கன மீட்டருக்கு 350 கிலோ என்று பொறியாளர் போட்டிருந்த கணக்கோடு ஒப்பிட்டால், 72 மூட்டை குறைந்தது. அது 28,800 ரூபாய். எதிர்ப்பக்கம் சாம்பல் 12,150, அட்மிக்சர் 6,800, தளத்துக்கு மட்டும் நார் 3,800, மிக்ஸ் டிசைன் வரியோடு 16,520, கட்டைகளுக்கு ஏறக்குறைய 4,000. கூட்டினால் 43,000-க்கு மேல். ஆகக் கையிலிருந்து 14,000 சொச்சம் கூடுதலாகப் போயிற்று, சென்ட்ரிங்கின் கூடுதல் வாடகை தனி. மிச்சமான சிமெண்ட் 3,600 கிலோ, கரியமிலவாயுக் கணக்கில் சுமார் 3 டன்.

இந்தச் செலவில் பெரிய பங்கு மிக்ஸ் டிசைன். ஒரே குவாரி ஜல்லி, ஒரே சாம்பல், ஒரே பிராண்ட் சிமெண்ட் வைத்து பக்கத்திலேயே இன்னொருவர் கட்டுகிறார் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் மாறாதவரை தாள் செல்லும். எங்கள் தெருவில் அடுத்து கட்டியவருக்கு என் தாளைக் கொடுத்தேன். லேபில் பொருட்களை மட்டும் மறுபடி சோதித்து, ஒரு முறை கலந்து பார்த்துச் சரி சொன்னார்கள். முழுக் கட்டணத்தில் கால் பங்குகூட அவருக்கு ஆகவில்லை. எடை போடும் தராசையும் கோடு போட்ட வாளிகளையும் அவர்தான் வைத்திருக்கிறார்.